கைக்குப் பொருந்தும் துப்பாக்கி

2014 ஒக்ரோபர் 14, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. நான் வாங்கப் பார்க்கும் இரண்டில் இரண்டாவது கைத்துப்பாக்கியின் நிறை தொள்ளாயிரத்து ஐம்பது கிராம் என்று எழுதியிருந்தேன். அது ரவைக்கூடு இல்லாமல் நிறுத்தது. ரவைக்கூட்டையும் சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும். கையை நீட்டிப் பிடித்து நிற்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கவனக்குறைவு.

மாலை வகுப்பில் கணக்கியல் சொல்லித்தரும் மதாம் முதல் நாளே சொன்னார், பிழையை அழிக்கக்கூடாது, அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே சரியானதை எழுத வேண்டும் என்று. நாட்குறிப்பிலும் நான் அப்படியே செய்கிறேன். பெரிய பிழைகளுக்கும் இந்த முறை பொருந்துமா என்று எனக்கு நிச்சயமில்லை. இன்று வகுப்புக்குப் போகவில்லை, நேரம் இருக்கிறது, செய்து பார்க்கலாம்.

என் பெயர் மிதுசன். ரூ லூயி-பிளாங் தெருவில் தொலைபேசி திருத்தும் கடையில் வேலை. பதின்மூன்று வயதில் மாமா என்னை இங்கே கூப்பிட்டார். அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததும், இங்கே பலர் செய்வதைப்போல, குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார். என்னையும் வரச் சொன்னார்கள். சொன்ன விதத்தைப் பார்த்து நான் வேண்டாம் என்றேன். கோடை விடுமுறைக்கு வா என்றார்கள். ஒரு கோடைக்குப் போனேன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒருவன் தனியாக இருக்க முடியாது என்று நினைப்பார்கள். தெருவில் இறங்கினால் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கடையில் காலையிலிருந்து மாலைவரை ஆட்களோடு கதைக்கிறேன். எல்லாரும் தங்கள் தொலைபேசியைப் பற்றித்தான் கதைக்கிறார்கள்.

துஷ்யந்தன் அண்ணை வந்த பிறகு அது மாறியது. ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் மரக்கறிக் கடையில் வேலை செய்பவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அறை வாடகையைப் பாதியாக்க ஆள் தேடினேன், அவர் கிடைத்தார். எனக்கு வகுப்பு இருக்கும் நாட்களில் நான் வரும்வரை சாப்பிடாமல் இருப்பார். முதல் தடவை எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கறி ஆறிவிட்டதே என்று கேட்டேன். "தனியச் சாப்பிட்டால் செமிக்காது" என்றார். மூன்று வருடம் அப்படிச் சாப்பிட்டோம்.

துப்பாக்கிக் கழகத்துக்கு என்னைக் கூட்டிப்போனது அந்துவான். மாலை வகுப்பில் எனக்குப் பக்கத்து இருக்கை. வடக்குப் புறநகரில் ஒரு விளையாட்டு மண்டபத்துக்குக் கீழே இருக்கும் நிலவறை அது. முதல் மாதங்களில் காற்றுத் துப்பாக்கி, பிறகு கழகத்தின் பொயிண்ட் இருபத்திரண்டு, சின்ன ரவைக் கைத்துப்பாக்கி. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. எல்லாரும் காதை மூடிக்கொண்டு, ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு, பேசாமல் வரிசையில் நிற்பார்கள். அங்கே யாரும் யாரோடும் பேசுவதில்லை என்பதால் என்னோடு யாரும் பேசாதது வெளியே தெரியவில்லை.

அண்ணை இதைப் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டார்.

"டேய் மிது, சனம் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து ஓடி வந்தது. நீ காசு கட்டிப் போய் அந்தச் சத்தத்தைக் கேக்கிறாய்."

"காதை மூடிக்கொண்டுதான் அண்ணை சுடுறது."

"காதைப் பொத்துறதெண்டால் இஞ்சை கதிரையிலை இருந்து பொத்தன். நான் பக்கத்திலை வெங்காயம் வெட்டுறன்."

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று கழகத்தில் சொன்னபோது நான் அவசரப்படவில்லை. பொழுதுபோக்குக்குக் குறிபார்த்துச் சுடுபவனுக்குப் பொயிண்ட் இருபத்திரண்டு போதும். ரவை மலிவு, உதைப்புக் குறைவு. இந்த ரவையில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் நடுவில் இல்லை, அடிப்பாகத்து விளிம்பைச் சுற்றி இருக்கிறது. விளிம்பில் எங்காவது அது சரியாகப் படியாமல் போனால் விசையை இழுத்தும் வெடிக்காது. அப்போது துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கக்கூடாது. குறியை நோக்கி நீட்டியபடியே கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், ஏனெனில் சிலவேளை பிந்தி வெடிக்கும். இந்த விதி எனக்குப் பிடித்தது.

இரண்டைத் தெரிவுசெய்து வைத்திருந்தேன். ஒன்று புதியது, பிளாஸ்டிக் உடல், இலேசானது, பார்வைக்குப் பொலிஸ்காரரின் துப்பாக்கி மாதிரி. மற்றது கழகத்து முதியவர் ஒருவர் விற்கும் பழையது, உருக்கு, மரக்கைப்பிடி, பாரம். எது நல்லது என்று பல வாரம் எழுதி எழுதிப் பார்த்தேன். நான் ஒரு முடிவெடுத்தால் மறுநாள் அதை நம்புவதில்லை. அண்ணையை ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னேன். புதியவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்று கழகத்தில் விதி இருந்தது. அவர் மாட்டேன் என்றார். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. அண்ணைக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள். பெண் லக்சிகா, கிளிநொச்சியில் பாலர் பாடசாலை ஆசிரியை. அகதி அட்டை வைத்திருப்பவர் இலங்கைக்குப் போக முடியாது என்பதால் கலியாணம் மார்கழிக்கு முன் திருச்சியில். சார்செல் புறநகரில் ஒன்பதாம் மாடியில் ஒரு வீடும் பார்த்துவிட்டார்.

"நீ ஞாயிற்றுக்கிழமையள் வா" என்றார் என்னிடம். "லக்சிகா சமைப்பா. அவவுக்கு என்ன சமைக்கத் தெரியுமெண்டு எனக்கே தெரியாது. நீ முதல்லை சாப்பிடு. ஒண்டும் ஆகாட்டி நானும் சாப்பிடுறன்."

நான் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பது கோடை விடுமுறையைவிடக் கிட்ட இருப்பதுதான். இரண்டும் ஒரே மாதிரியான அழைப்பு.

"போறதுக்கு முந்தி ஒருக்கால் வாங்கோ அண்ணை. எனக்காக" என்றேன். வந்தார்.

யூன் மாதம், ஒரு சனிக்கிழமை. அந்துவான் இரண்டு துப்பாக்கிகளையும் மேசையில் வைத்து, எப்படிப் பிடிப்பது என்று சைகையால் காட்டத் தொடங்கினார். அண்ணை அவரைப் பார்க்கவில்லை. உருக்குத் துப்பாக்கியை எடுத்து ரவைக்கூட்டைக் கழற்றினார், மேற்பகுதியைப் பின்னால் இழுத்தார், சின்னவிரலை உள்ளே விட்டு ரவை ஏறும் அறையில் ஒன்றும் இல்லை என்று தடவிப் பார்த்தார். கண்ணால் பார்க்கவில்லை. வெளிச்சமில்லாத இடத்தில் பழகியவரின் விரல் அது. பிறகு கண்ணை மூடிக் கையை உயர்த்தினார், கண்ணைத் திறந்தார். குழல் நுனியிலுள்ள குறிமுள் இலக்கின் நடுவில் நின்றது.

"உந்தத் துவக்கைத்தான் எடு" என்றார். "பாரம் கையை ஆட விடாது. மற்றது விளையாட்டுச் சாமான்."

ஐந்து ரவை சுட்டார். தாளில் ஐந்து ஓட்டையையும் ஒரு யூரோக் காசால் மூடலாம். எங்கே பழகினார் என்று அந்துவான் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் அந்த நிமிடம்வரை தெரியாதுதான். வன்னியில் போரின் கடைசி மாதங்களில் அவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

அவர் கை நீட்டி நின்றபோது நான் ஒரு படம் எடுத்தேன். முகமும் துப்பாக்கியும் தெளிவாக விழுந்திருந்தன. திரும்பும்போது ரெயிலில் அவர் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார்.

"படம் எடுத்தனி என்ன?"

"ஓம்."

"அழி."

அவர் பார்க்கவே அழித்தேன். என் தொலைபேசியில் எடுக்கும் படங்கள் தாமாகவே கணினியிலும் சேமிக்கப்படும். தொழில்காரன் என்பதால் அப்படி வைத்திருக்கிறேன். அவர் கணினியைப் பற்றிக் கேட்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை.

யூலையில் பெண்வீட்டார் என்னிடம் விசாரித்தார்கள். இதை ஊராருக்கு விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால், ஒரே அறையில் இருப்பவனைத் தேடிப்பிடித்துக் கேட்பார்கள். அவன் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாலே போதும், அந்தச் சம்பந்தம் நின்றுவிடும். லக்சிகாவின் தாய்மாமன் குணரத்தினம் வைபரில் அழைப்பு எடுத்தார்.

"தம்பி, உமக்கு நேரம் இருக்கோ? பெடியனைப் பற்றி ஒரு சொல்லு. குடிக்கிறவரோ?"

"பியர்கூட இல்லை ஐயா."

"சிகரெட்?"

"இல்லை."

"சீட்டு, கீட்டு?"

"இல்லை."

"அப்ப என்ன தம்பி, நாங்கள் மாப்பிள்ளை எண்டு கோயில் சிலையையோ பேசியிருக்கிறம்?"

இருவரும் சிரித்தோம். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அப்படிப்பட்டவரிடம் அண்ணையைப் பற்றி இல்லாதது பொல்லாதது சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல பிள்ளை, அண்மையில் ஒரு பொழுதுபோக்குத் தொடங்கியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். பிறகு அந்தப் படத்தை அனுப்பினேன். அது உண்மையான படம்.

கொஞ்ச நேரத்தில் அவரே திரும்ப எடுத்தார். குரல் தணிந்திருந்தது.

"தம்பி, உந்தப் படத்தை ஏன் அனுப்பினனீர்?"

"வடிவாய் இருக்கெண்டு ஐயா."

"வடிவுதான். இஞ்சை வடிவு பாக்கிற ஆக்கள் இல்லை. அங்கை வட்டக்கச்சியிலை பெடியன்ரை தாயும் தங்கச்சியும் தனிய இருக்கினம். உந்தப் படம் வெளியிலை வந்தால் வாசலிலை புலனாய்வுக்காரற்றை வான் வந்து நிக்கும். தங்கச்சிப்பிள்ளையைத்தான் முதல்லை ஏத்துவாங்கள். விளங்குதோ? நான் அழிச்சுப்போட்டன். ஒருத்தருக்கும் காட்டேல்லை. நீரும் அழியும்."

"ஓம் ஐயா. அப்ப கலியாணம்?"

அவர் எழுந்து போய் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்த நேரம் இயக்கத்துக்கு வீட்டுக்கொரு பிள்ளை போனது தம்பி. விருப்பத்திலையோ போனதுகள்? எங்கடை வீட்டாலையும் ஒண்டு போனது. வரேல்லை. இவர் வந்திட்டார். எங்களுக்கு அது காணும். மார்கழிக்கு முந்திச் செய்துபோடுவம்."

தொலைபேசியை வைத்த பிறகு நான் நீண்ட நேரம் யோசித்தேன். அவர் பெருந்தன்மையானவர். ஆனால் அவருடைய பெருந்தன்மை எனக்கு ஒரு வழியையும் விடவில்லை.

ஓகஸ்டில் அண்ணை தன் சாமான்களை ஒவ்வொன்றாகச் சார்செலுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். முதலில் குளிர்கால உடுப்புகள். அடுத்து அரிசிக் குக்கர். குக்கர் போன நாள் நான் பாணும் சம்பலும் சாப்பிட்டேன். அவர் புது வீட்டுக்குப் பூச்சு அடிக்கப் போயிருந்தார். தனியாகச் சாப்பிட்டேன். அவர் சொன்னது சரிதான், செமிக்கவில்லை.

கழகத்தின் முகநூல் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். தொலைபேசிக் கடையில் வேலை என்பதால் அந்துவான் என்னிடம் விட்டிருந்தார். அந்த வார இறுதியில், விருந்தினராக வந்து சுட்டவர்களின் படங்களைத் தொகுத்துப் போட்டேன். எல்லாருடைய படத்துக்கும் கீழே முதற்பெயர். அண்ணையின் படத்துக்குக் கீழே அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயர், ஊர், அதோடு ஒரு வரி: "பயிற்சி எடுக்காமலே குறி தவறாதவர்." அதைத் தமிழில் எழுதினேன். கழகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர எவருமில்லை. பிறகு அதை அவருடைய ஊர்க்காரர்கள் பார்க்கும் பக்கத்தில் கழகத்தின் பெயரிலேயே பகிர்ந்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு எடுத்துவிட்டேன்.

செப்டெம்பரில் ஒரு பின்னேரம் நானும் அண்ணையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வட்டக்கச்சியிலிருந்து அவருடைய அம்மா எடுத்தார். கையில் சோறு இருந்ததால் அண்ணை ஒலிபெருக்கியில் போட்டார்.

"தம்பி, சிவில் உடுப்பிலை வந்தவங்கள். உன்ரை படத்தைக் காட்டினவங்கள். இது உன்ரை மகனோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டு சொல்லிப்போட்டன் ராசா. முகம் வடிவாய்த் தெரிஞ்சது. பெத்த பிள்ளையை இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை. துஷாந்தியை விசாரிச்சுப்போட்டு விடுறமெண்டு ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

துஷாந்தி அவருடைய தங்கை. வயது இருபத்தொன்று. இன்றுவரை விடவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை.

ஊரில் யாரோ அந்தப் படத்தைப் பிரதி எடுத்து அண்ணைக்கு அனுப்பியிருந்தார்கள். மேலே கழகத்தின் பெயர் இருந்தது.

"தமிழிலை ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

"அந்துவானும் அண்டைக்குப் படம் எடுத்தவர் அண்ணை. பேர் விபரம் தமிழிலை எழுதித் தரச்சொல்லிக் கேட்டவர். குடுத்தனான். போடுவாரெண்டு எனக்குத் தெரியாது."

இது பொய். இந்த விடயத்தில் நான் சொன்ன ஒரேயொரு பொய் இதுதான் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

அவர் என்னைக் கோபிக்கவில்லை. "நீ என்ன செய்வாய், நீ அழிச்சனிதானே" என்றார். அடுத்த சனிக்கிழமை கழகத்துக்குப் போய் அந்துவானின் சட்டையைப் பிடித்தார். அவருக்குப் பிரெஞ்சு போதாது. நான்தான் நடுவில் நின்றேன். அந்துவான் என்னைப் பார்த்து, பக்கம் உன்னிடம்தானே இருக்கிறது, நீயே இவருக்குச் சொல் என்று வேகமாகச் சொன்னார். "மன்னிக்கட்டாம், தெரியாமல் போட்டதாம்" என்று நான் அண்ணைக்குச் சொன்னேன். மொழிபெயர்ப்பில் எப்போதும் கொஞ்சம் விடுபடும். அதைப் பொய்யில் சேர்க்க முடியாது. அந்துவான் இப்போது வகுப்பில் வேறு வரிசையில் இருக்கிறார்.

கலியாணத்தை அண்ணையே நிறுத்தினார். குணரத்தினம் ஐயா பொறுத்திருப்போம் என்றுதான் சொன்னாராம். "தங்கச்சி உள்ளுக்கை இருக்க நான் மணவறையிலை இருக்கிறதோ?" என்று அண்ணை கேட்டார். அது நியாயமான கேள்வி. குணரத்தினம் ஐயா எனக்கு ஒருமுறை அழைப்பு எடுத்தார். நான் எடுக்கவில்லை. அவர் திரும்ப எடுக்கவுமில்லை.

இந்த நாட்குறிப்பின் செப்டெம்பர் பக்கத்தில், என்ன நடக்கும் என்று தெரியாமல் படத்தைப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். அதன் மேல் இப்போது கோடு போட்டேன். சரியானது இது: தெரியும். வான் வரும் என்றும், தங்கையைத்தான் முதலில் ஏற்றுவார்கள் என்றும் எனக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்டிருக்காவிட்டால் அந்த வழி எனக்குத் தோன்றியிருக்காது. துஷாந்தியோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அண்ணை அம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது இரண்டு தரம் எனக்கும் வணக்கம் சொன்னவர், குரல் நல்ல குரல்.

அண்ணை இப்போது வேலைக்குப் போவதில்லை. கட்டிலில் இருந்து சுவரைப் பார்க்கிறார். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் கொடுத்தால் சாப்பிடுகிறார். வகுப்பு நாட்களில் நான் வரும்வரை பசி என்றே அவருக்குத் தெரிவதில்லை. முந்தாநாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பன் மிது" என்றார். எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

துப்பாக்கியும் முடிவாகிவிட்டது. பாரமானதைத்தான் எடுக்கப்போகிறேன். என் கையில் கைப்பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அண்ணையின் கைக்குத்தான் அது பொருந்தியது. மரத்தை அரத்தால் தேய்த்து என் கைக்குத் தக்கபடி மாற்றலாம் என்று முதியவர் சொன்னார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். மனம் ஆறியதும் அண்ணை மறுபடி என்னோடு வருவார். யாராவது ஒருவர் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது, நான் அதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

நாளை: கடையில் லீவு கேட்க வேண்டும். காலையில் சார்செலுக்குப் போய் வீட்டுக்காரரிடம் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாமான்களைக் கொண்டுவர வேண்டும். மூன்று மணிக்கு, காணாமல் போனவர்களுக்காக வேலை செய்யும் சங்கத்தில் சட்டத்தரணி ஒருவர் எங்களைச் சந்திக்கிறார். படம் எப்படி வெளியே போனது என்று கேட்பார். அண்ணை சொல்வதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், நான் பிரெஞ்சில் சொல்ல வேண்டும்.